மேகஸின் பேரக்ஸிலிருந்து சாட்ஸ்வொர்த் வரை: டர்பன் தமிழர் கால்பந்துக் கிளப்பைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும், டர்பனின் இந்தியர் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் நான் போய் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒரு பையன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தாத்தா, எங்க தாத்தா உங்க கிளப்புலதான் ஆடினாராமே?" என்று ஆரம்பித்துவிடுகிறான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தென்னாப்பிரிக்கத் தமிழர் என்றால் காந்தி, தில்லையாடி வள்ளியம்மை, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. ஒரே பதிலை நூறு தடவை சொல்லியாயிற்று. இனி எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1952-இல் மேகஸின் பேரக்ஸில் பிறந்தேன். அப்பா நகரசபைத் தொழிலாளி, பதினோரு வருஷம் கிளப்பின் செயலாளர். நான் சுமாரான லெஃப்ட் பேக். அப்பாவுக்குப் பிறகு கிளப்பின் மினிட்ஸ் நோட்டுகள் என்னிடம் வந்தன.

இது எந்தக் கிளப்? பெயரையே காணோமே?

வேண்டுமென்றேதான் போடவில்லை. எங்கள் கிளப் இரண்டு முறை பிரிந்து, ஒரு முறை சேர்ந்து, மூன்று பெயரில் ஆடியிருக்கிறது. எந்தப் பெயரை எழுதினாலும் மற்ற இரண்டு பெயரில் ஆடியவர்கள் வீட்டில் எனக்கு டீ கிடைக்காது. அதோடு, இங்கே சொல்வது எங்கள் ஒரு கிளப்பின் கதை மட்டும் இல்லை. மேவில், கேட்டோ மேனர், கிளேர்வுட் என்று டர்பனைச் சுற்றி இருந்த பல கிளப்புகளும் இதே வழியில்தான் வந்தன, இதே வழியில்தான் போயின.

டர்பனில் தமிழர்கள் எப்போது கால்பந்து ஆட ஆரம்பித்தார்கள்?

1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு டர்பனுக்கு வந்தது. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். 1911-இல் அந்த ஏற்பாடு நிற்கும்வரை மொத்தம் 1,52,184 பேர் இப்படி வந்தார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். விடிவதற்கு முன் காட்டுக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவனுக்குப் பந்து எங்கே, பொழுது எங்கே? அந்த முதல் தலைமுறை ஆடவில்லை என்றே நினைக்கிறேன்.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்குள் வந்தவர்களின் பிள்ளைகள்தான் ஆடினார்கள். டர்பன் இருக்கும் நேட்டாலில் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் பள்ளிப் பையன்களும் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பழகிய ஆட்டம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்தியர் கிளப்புகள் முளைத்துவிட்டன. 1903-இல் நாடு தழுவிய இந்தியர் கால்பந்துச் சங்கமே வந்துவிட்டது. கப்பல் வந்து நாற்பத்து மூன்றே வருஷம்! ஓட்டுரிமை கிடையாது, தலைவரி உண்டு, ஆனால் கால்பந்துச் சங்கம் இருந்தது.

சாம் சைனா கோப்பை என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது என்ன?

இந்தியர் அணிகளுக்குள் மாகாணத்துக்கு மாகாணம் நடந்த போட்டியின் கோப்பை. வைரம் தோண்டும் கிம்பர்லி நகரத்து சாம் சைனா என்பவர் கொடுத்தது, அதனால் அந்தப் பெயர். 1903-இல் தொடங்கியது. நேட்டால், டிரான்ஸ்வால், மேற்கு மாகாணம், கிம்பர்லி இருக்கும் கிரிக்குவாலாந்து என்று அணிகள் ரயிலேறிப் போய் ஆடும்.

டர்பனிலிருந்து கிம்பர்லி ஏறக்குறைய எண்ணூறு கிலோமீட்டர். எங்கள் தாத்தா காலத்து ஆட்டக்காரர்கள் புளிச்சாதம், அவித்த முட்டை, ஊறுகாய் எல்லாம் கட்டிக்கொண்டுதான் போவார்களாம். வழியில் எந்த ஓட்டலிலும் உள்ளே விடமாட்டார்கள். போய் இறங்கிய ஊரில் தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் என்று பிரித்துக்கொண்டு போவார்கள். அந்த வழக்கத்தில் இரண்டு கல்யாணமும் நடந்திருப்பதாக எங்கள் வீட்டில் ஒரு கணக்கு உண்டு.

காந்தி கால்பந்துக் கிளப் நடத்தினாராமே?

அவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஆடினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் சத்தியாக்கிரகிகள் பெயரில் ஜோகன்னஸ்பர்கிலும் பிரிட்டோரியாவிலும் அணிகள் இருந்தன. 1910-இல் அந்த இரண்டு ஊர் அணிகளும் மோதியிருக்கின்றன. ஆட்டத்துக்குக் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் பேசலாம், துண்டறிக்கை கொடுக்கலாம். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

மேகஸின் பேரக்ஸ் என்றால் ராணுவ முகாமா?

இல்லை. ராணுவத்தின் வெடிமருந்துக் கிடங்கு அந்தப் பக்கத்தில் இருந்ததால் வந்த பெயர். டர்பன் நகரசபை தன்னுடைய இந்தியத் தொழிலாளர்களுக்காக 1880-களில் சோம்ட்சூ ரோட்டில் கட்டத் தொடங்கிய லைன் வீடுகள் அவை. ஊரின் தெருவைக் கூட்டியவர்கள், குப்பை அள்ளியவர்கள், கக்கூஸ் வாளி சுமந்தவர்கள், பூங்காக்களில் செடி வைத்தவர்கள், எல்லாரும் அங்கேதான். பெரும்பாலும் தமிழர், தெலுங்கர்.

ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ். நாங்கள் எட்டுப் பேர் படுத்த அறையை இப்போது நினைத்தால், ஒருவர் புரண்டால் எல்லாரும் புரள வேண்டும். அதைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். மழைக் காலத்தில் அம்மா பட்ட பாட்டை அவர்கள் பார்த்திருக்கவில்லை.

ஆனால் கிளப் அங்கே பிறந்ததற்கும் அதே நெருக்கம்தான் காரணம். உள்ளே உட்கார இடமில்லாததால் பையன்கள் வெளியேதான் கிடந்தோம். சாயங்காலம் சங்கு ஊதியதும் வேலை முடிந்து வரும் ஆண்கள், கை கால் கழுவிவிட்டு நேராகப் பந்துக்கு வந்துவிடுவார்கள். ஒரே முதலாளி, ஒரே வேலை நேரம், ஒரே சம்பள நாள். அணி சேர்க்க யாரையும் தேடிப் போக வேண்டாம், சந்தா வாங்கச் சம்பள நாளன்று வாசலில் நின்றால் போதும். தெருக்கூத்தும் அப்படித்தான் அங்கே வளர்ந்தது. நேட்டாலில் அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர். சனி இரவு விடியவிடிய அர்ச்சுனன் தபசு ஆடியவர், ஞாயிறு மத்தியானம் முகத்தில் அரிதாரம் சரியாகப் போகாமல் எங்களுக்கு கோல்கீப்பராக நின்றதுண்டு. எதிரணி பயந்ததா சிரித்ததா என்று தெரியவில்லை, அன்றைக்கு ஜெயித்தோம்.

இன்னொன்று. பேரக்ஸுக்குப் பக்கத்திலேயே கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானம். வெள்ளைக்காரர் மைதானம், பச்சைப் பசேல் என்று புல். அங்கே கைதட்டினால் எங்கள் அறைக்குள் கேட்கும். அந்தப் புல்லை வெட்டியவர்களில் சிலர் எங்கள் லைனில் குடியிருந்தவர்கள். ஆனால் அந்தப் புல்லில் ஆட முடியாது. நாங்கள் ஆடியது உப்புக் காற்றடித்த சதுப்பு மண்ணில்.

தமிழர் கிளப்புகளுக்கு ஏன் ரேஞ்சர்ஸ், ஏசஸ், ஹார்ட்ஸ் என்று வெள்ளைக்காரப் பெயர்?

லீக்கில் பதிவு செய்யும் பேப்பர் ஆங்கிலத்தில், பத்திரிகையில் முடிவு வருவதும் ஆங்கிலத்தில். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து கிளப்புகளின் பெயர்கள் எல்லார் வாயிலும் இருந்தன. மதராஸ் என்றும் ஆரியன் என்றும் பெயர் வைத்தால் "ஊர்ப் பெயர்" என்று இளைஞர்கள் முகம் சுளித்த காலமும் இருந்தது என்று அப்பா சொல்வார்.

ஆட்டக்காரர் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால்தான் தமிழ் தெரியும். கவுண்டர் இங்கே கவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார், நாயக்கர் நைக்கர் ஆனார், பிள்ளை மட்டும் ஓரளவு பிழைத்தார். எங்கள் பழைய பட்டியல் ஒன்றில் பதினொரு பேரில் நாலு பேர் கவெண்டர். அதில் இரண்டு பேருக்கு முதலெழுத்தும் ஒன்றே. பத்திரிகை நிருபர் கோல் அடித்தவரைக் கண்டுபிடிக்க எங்கள் வீட்டுக்கே வருவார்.

மைதானத்தில் தமிழ் பேசுவீர்களா?

என் அப்பா காலத்தில் தமிழ்தான். "போடுறா", "பின்னால ஆளு", "விட்றாத" எல்லாம். ஜூலு ஆட்டக்காரர்களுக்கும் அது பழகிப்போய், அவர்கள் எங்களைப் பார்த்து "பின்னால ஆளு" என்று கத்தி ஏமாற்றிப் பந்தைப் பிடுங்கியதும் உண்டு. என் காலத்தில் பாதி ஆங்கிலம். என் மகன் காலத்தில் தண்ணி, தம்பி, அண்ணா, அப்புறம் இரண்டு மூன்று கெட்ட வார்த்தை, அவ்வளவுதான் மிச்சம். கெட்ட வார்த்தை கடைசிவரை நிற்கும் போலிருக்கிறது.

இந்தியாவுக்குப் போய் ஆடிய அணி உண்டா?

உண்டு. 1921-22-இல் ஆல்பர்ட் கிறிஸ்டோபர் தலைமையில் தென்னாப்பிரிக்க இந்தியர் அணி ஒன்று கப்பலேறி இந்தியா போய் 14 ஆட்டம் ஆடியது. கிறிஸ்டோபர் கன்டிஞ்சன்ட் என்று அதற்குப் பெயர். கூலியாக வந்த கப்பல் வழியில் திரும்பிப் போய்ப் பந்து ஆடினார்கள் என்றால், பெற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த அணியில் எங்கள் கிளப் ஆள் யாரும் இல்லை. "இருந்தார்" என்று சொல்லும் ஒரு குடும்பத்தோடு நான் பல வருஷமாக மரியாதையாக வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

கரீஸ் ஃபவுண்டன் என்று எல்லாரும் கோவில் போலச் சொல்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது அங்கே?

முதலில் தண்ணீர் இருந்தது. ஹென்றி வில்லியம் கரி என்ற டர்பன் மேயர் 1870-களின் கடைசியில் அங்கே கிணறு வெட்டினார். ஊருக்கே தண்ணீர் போனது. அதனால்தான் கரியின் ஊற்று, கரீஸ் ஃபவுண்டன். தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் பள்ளமான இடம். 1920-களில் அது இந்தியர் விளையாட்டு மைதானமானது. டர்பனில் இந்தியர்களுக்கென்று உருப்படியான ஒரே மைதானம் என்பதால் எல்லாம் அங்கேதான்: கால்பந்து, கிரிக்கெட், பள்ளிக்கூட ஓட்டப் பந்தயம், அரசியல் கூட்டம்.

சுற்றியிருக்கும் பேர்களையும் கவனியுங்கள். பக்கத்திலேயே சாஸ்திரி கல்லூரி, 1929-இல் திறந்தது. இந்திய அரசின் முதல் ஏஜென்டாக இங்கே வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி பெயரில் உள்ள உயர்நிலைப் பள்ளி. இன்னொரு பக்கம் எம். எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி இருந்தது. கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து வாழை பயிரிட்டுப் பணக்காரரான சுல்தான் கொடுத்த பணத்தில் எழுந்தது. ஒரு கும்பகோணம் பக்கத்துக்காரர், ஒரு கொல்லத்துக்காரர், நடுவில் பந்து.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போவது என்றால் காலை பத்து மணிக்கே போக வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாறு ஆட்டம் நடக்கும். அம்மாக்கள் வடை, சமூசா கொண்டுவந்து விற்பார்கள். வெளியே கிரே ஸ்ட்ரீட் பக்கம் நடந்தால் பன்னி சௌ, அதாவது ரொட்டியைக் குடைந்து அதற்குள் குழம்பு ஊற்றிக் கொடுப்பது. கால் ரொட்டி பீன்ஸ் குழம்போடு வாங்கி இரண்டு பேர் பகிர்ந்துகொள்வோம். குடைந்தெடுத்த நடுத்துண்டு யாருக்கு என்பதில்தான் பல நட்புகள் முறிந்தன.

1974 செப்டம்பர் 25 அன்று அங்கே நடந்தது வேறு ஆட்டம். மொசாம்பிக்கில் ஃப்ரெலிமோ என்ற விடுதலை இயக்கம் ஆட்சிக்கு வருவதைக் கொண்டாட, கறுப்பர் தன்னுணர்வு இயக்கத்து மாணவர்கள் கூட்டம் கூட்டினார்கள். அரசு தடை போட்டது, ஆயிரக்கணக்கில் கூடினார்கள், போலீஸ் நாயோடு வந்தது. பிறகு நடந்த வழக்கில் சிறைக்குப் போனவர்களில் சாத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் டர்பன்காரர்கள். அவர்கள் இருவரையும் ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். நான் அன்று வேலையில் இருந்தேன். போயிருந்தேன் என்று சொல்கிறவர்களை எல்லாம் கூட்டினால் அந்த மைதானம் கொள்ளாது.

நீங்கள் ஏன் இந்தியர் லீக்கிலேயே இருக்கவில்லை?

இதைத்தான் நிறைய பேர் குறை சொல்லும் குரலில் கேட்கிறார்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் வெள்ளையருக்கு ஒரு சங்கம், ஆப்பிரிக்கருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. 1951-இல் வெள்ளையர் அல்லாத மூன்றும் சேர்ந்து தென்னாப்பிரிக்க சாக்கர் ஃபெடரேஷனை டர்பனில் அமைத்தார்கள். டர்பன் வழக்கறிஞர் ஜார்ஜ் சிங் அதில் முன்னால் நின்றவர். ஃபெடரேஷனில் ஆட்டக்காரர் எண்ணிக்கை வெள்ளையர் சங்கத்தைவிட மிக அதிகம். ஆனால் ஃபிஃபாவில் நாற்காலி அவர்களுக்கு.

1961-இல் இனம் பார்க்காத தொழில்முறை லீக் தொடங்கியது. தென்னாப்பிரிக்க சாக்கர் லீக். ஒர்லாண்டோ பைரட்ஸ், மொரோக்கா ஸ்வாலோஸ், டர்பனிலிருந்து ஏசஸ் யுனைடெட், அவலான் அத்லெடிக் எல்லாம் அதில் ஆடின. எனக்கு அப்போது ஒன்பது வயது. தமிழர், ஜூலு, முஸ்லிம், கலப்பினத்தவர் எல்லாரும் ஒரே சட்டையில் ஓடுவதை கரீஸ் ஃபவுண்டனில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். நாங்கள் அவ்வளவு பெரிய கிளப் இல்லை, அமெச்சூர்தான். ஆனால் அந்த ஆட்டங்களைப் பார்த்த பிறகு எங்கள் கமிட்டியிலும் பேச்சு மாறியது.

லீக் நன்றாகப் போனது, அதுதான் வினை. நகரசபைகள் மைதானத்தைப் பூட்ட ஆரம்பித்தன. 1963 ஏப்ரலில் ஜோகன்னஸ்பர்க் நட்டால்ஸ்ப்ரூட் மைதானத்தில் ஸ்வாலோஸுக்கும் பிளாக்பூல் யுனைடெடுக்கும் ஆட்டம். வாசலைப் பூட்டிவிட்டார்கள். பதினையாயிரம் பேர் வேலி ஏறிக் குதித்தார்கள். உள்ளே கோல் கம்பம் இல்லை, எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டு ஆடினார்கள். ஆட்களை அடித்து நிறுத்த முடியவில்லை, ஆனால் மைதானம் கொடுக்காமல் நிறுத்த முடிந்தது. 1965 பிப்ரவரியில், வெவ்வேறு இனத்தார் அனுமதியில்லாமல் ஓரிடத்தில் கூடி ஆட்டம் பார்ப்பதற்கே தடை வந்தது. 1966-இல் லீக் மூச்சை விட்டது.

எங்கள் மினிட்ஸ் நோட்டில் அந்த வருஷங்களில் ஆட்டத்தைப் பற்றிய குறிப்பைவிட மைதானம் கேட்டு எழுதிய கடிதங்களின் விவரம்தான் அதிகம். "பதில் வரவில்லை", "மறுக்கப்பட்டது", "பதில் வரவில்லை." அப்பாவின் கையெழுத்து பக்கத்துக்குப் பக்கம் சிறுத்துக்கொண்டே போகிறது. ஒரு கிளப் செத்துப்போக ஆட்டக்காரர் இல்லாமல் போக வேண்டியதில்லை. கால் வைக்க இடம் இல்லாமல் போனால் போதும்.

சாட்ஸ்வொர்த்துக்குப் போனபோது கிளப் என்ன ஆனது?

1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் யார் எங்கே குடியிருக்கலாம் என்று கோடு போட்டது. 1960-களில் மேகஸின் பேரக்ஸ், கேட்டோ மேனர், மேவில் என்று ஒவ்வொன்றாகக் காலி செய்து எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். நாங்கள் 1964-இல் போனோம்.

வீடு கிடைத்தது, அது உண்மை. உள்ளேயே குழாய், சமையலுக்குத் தனி அறை. அம்மா முதல் நாள் குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தாள். ஆனால் சாட்ஸ்வொர்த்தை யூனிட் யூனிட்டாகப் பிரித்திருந்தார்கள்; பேரக்ஸில் பக்கத்து அறையில் இருந்த செண்டர் ஃபார்வர்டு இப்போது யூனிட் மூன்றில், கோல்கீப்பர் யூனிட் ஏழில், செயலாளர் யூனிட் ஐந்தில். அந்த மேடு பள்ளத்தில் பஸ் இல்லாமல் யாரும் யாரையும் பார்க்க முடியாது. வேலைக்குப் போகும் நேரம் ஒரு மணி கூடியது, திரும்பும்போது இருட்டிவிடும். சாயங்காலப் பயிற்சி அதோடு சரி. மைதானம் என்று வரைபடத்தில் போட்டிருந்த இடங்களில் பல வருஷம் செம்மண்ணும் புதரும்தான். நாங்களே மண்வெட்டி கொண்டுபோய்ச் சமன் செய்தோம். ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும்போது கோவில் கமிட்டியும் கிளப்பும் ஒரே ஆட்கள்தான் என்பதால், அந்தச் செலவில் மிஞ்சிய பணத்தில் கோல் வலை வாங்கினோம். அம்மன் கோவித்துக்கொள்ளவில்லை, அந்த வருஷம் யூனிட் லீக்கில் இரண்டாவது இடம்.

முதல் பிளவு அப்போதுதான். "பேரக்ஸ்காரர்களுக்கு மட்டும்" என்று ஒரு கட்சி, "யூனிட்டில் யார் வந்தாலும் சேர்க்கலாம்" என்று ஒரு கட்சி. அப்பா இரண்டாவது கட்சி. சரியான முடிவுதான் என்று நினைக்கிறேன், ஆனால் அவருடைய பழைய நண்பர்களில் பாதிப் பேர் அதற்கப்புறம் வீட்டுக்கு வரவில்லை.

அண்ணன் தம்பி பேசாமல் போனார்கள் என்று கேள்விப்பட்டோம், உண்மையா?

உண்மை, எங்கள் குடும்பத்திலேயே. 1973-இல் சாக்கோஸ் வந்தது, இனம் பார்க்காத விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு. "அசாதாரணமான சமுதாயத்தில் சாதாரணமான விளையாட்டு இருக்க முடியாது" என்பது அதன் தலைவர்களில் ஒருவரான ஹசன் ஹோவாவின் பேச்சு, அதுதான் கொள்கை. அரசு அனுமதிச் சீட்டு வாங்கி ஆடும் "கலப்பு" ஆட்டங்களில் கலந்துகொண்டால் கிளப்பிலிருந்து நீக்கம். போய்ப் பார்த்தால்கூட.

என் சித்தப்பா மகன் நல்ல ஆட்டக்காரன். ஒரு பெரிய அணி கூப்பிட்டது, சம்பளம் கொடுத்தது, போய்விட்டான். அவனை நீக்கும் தீர்மானத்தை எழுதியவன் நான். அப்போது எனக்கு இருபத்தேழு வயது, கொள்கை என்றால் ரத்தம் கொதிக்கும். அவனுக்கு மூன்று பிள்ளைகள், வேலை இல்லை. பதின்மூன்று வருஷம் அவன் என்னோடு பேசவில்லை. கொள்கை சரி என்றுதான் இன்றும் சொல்வேன். இங்கிருந்து நாடுகடந்து போய் லண்டனில் இருந்து போராடிய டர்பன்காரர் சாம் ராம்சாமி போன்றவர்கள் உலகத்தின் கதவுகளை மூடாமல் இருந்திருந்தால் நிறவெறி அரசு வழிக்கு வந்திருக்காது. ஆனால் அந்தத் தீர்மானத்தில் நான் போட்ட "துரோகம்" என்ற வார்த்தையை இப்போது எழுதமாட்டேன்.

பெண்கள் ஆடினார்களா?

எங்கள் கிளப்பில் இல்லை. சட்டைகளைத் துவைத்தார்கள், நீலம் போட்டார்கள், சமைத்தார்கள், கடன் கொடுத்தார்கள். ஆண்டு விழா போட்டோ ஒன்றில்கூட அவர்கள் இல்லை.

1992-இல் எங்கே இருந்தீர்கள்?

ஃபிஃபா 1961-இல் தென்னாப்பிரிக்காவை இடைநீக்கம் செய்தது, 1963-இல் அதன் தலைவர் ஸ்டான்லி ரௌஸ் தயவில் திரும்பச் சேர்த்தது, 1964-இல் மறுபடி நிறுத்தி 1976-இல் வெளியேற்றியது. 1992-இல்தான் மீண்டும் வாசல் திறந்தது. ஜூலை 7, டர்பன் கிங்ஸ் பார்க், கேமரூனோடு முதல் ஆட்டம். கொட்டும் மழை. டாக்டர் குமாலோ என்ற ஆட்டக்காரர் பெனால்டியில் ஒரு கோல், 1-0.

போனேன். யாரோடு என்று கேளுங்கள். சித்தப்பா மகன்தான் இரண்டு டிக்கெட்டோடு வந்து வாசலில் நின்றான். ஒரே குடையின் கீழே நனைந்தோம். மைதானத்துக்குள் நுழையும்போது, "நம்ம பேரக்ஸ் அங்கதானே இருந்துச்சு?" என்றான். கிங்ஸ் பார்க்கிலிருந்து சோம்ட்சூ ரோடு நடக்கும் தூரம்தான்.

மேனிங் ரேஞ்சர்ஸ் உங்கள் கிளப்பா?

இல்லை, ஆனால் அவர்கள் ஜெயித்தபோது எங்கள் கிளப் மாதிரித்தான் கத்தினோம். 1928-இல் தொடங்கிய டர்பன் இந்தியர் கிளப், பிறகு சாட்ஸ்வொர்த்தை வீடாக்கிக்கொண்டது. "மைட்டி மாலர்ஸ்" என்று செல்லப் பெயர். பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய முதல் வருஷம், 1996-97-இல், கார்டன் இகெசண்ட் பயிற்சியில், கைசர் சீஃப்ஸையும் ஒர்லாண்டோ பைரட்ஸையும் பின்னால் தள்ளிக் கோப்பையைத் தூக்கியது. பெரிய பணமும் கிடையாது, பெரிய பெயர்களும் கிடையாது. அணியில் இந்திய முகங்கள் குறைவு என்று சிலர் முணுமுணுத்தார்கள். எங்கள் அப்பாக்கள் 1951-இல் கேட்டதே அதைத்தானே, யார் நன்றாக ஆடுகிறானோ அவன் ஆடட்டும் என்று?

1998-இல் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கில் குழுச் சுற்று வரை போனார்கள். பிறகு இறக்கம்தான். 2006-இல் கிளப் கைமாறியது, உரிமம் கேப்டவுன் போய்ச் சேர்ந்தது. இப்போதெல்லாம் கிளப் என்பது ஒரு காகிதம், விற்கலாம் வாங்கலாம். எங்கள் காலத்தில் விற்க முடியாது, வாங்க ஆளிருக்காது.

உங்கள் கிளப் எப்போது முடிந்தது, ஏன்?

முடிவு நாள் என்று ஒன்று இல்லை. 1990-களில் பெரிய அணிகளின் ஆட்டம் டிவியில் வர ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வீட்டில் உட்கார்ந்துவிட்டது. பணம் இருந்தவர்கள் நல்ல பள்ளிக்கூடங்கள் இருக்கும் பக்கம் குடிபெயர்ந்தார்கள், அங்கே பையன்கள் கிரிக்கெட் பிடித்தார்கள். ஒரு பொருளாளர் சந்தாப் பணத்தோடு காணாமல் போனார், அது சிறிய தொகைதான், ஆனால் அதற்கப்புறம் யாரும் சந்தா தரவில்லை. கடைசியாக மினிட்ஸ் நோட்டில் உள்ள வரி என் கையெழுத்தில்: "கோரம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது." அந்தக் கூட்டம் இன்னும் ஒத்திதான் இருக்கிறது.

என் தாத்தா ஆடினாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வீட்டில் பாட்டியைக் கேளுங்கள், பீரோவின் அடித்தட்டைப் பாருங்கள். டர்பனில் டெர்பி ஸ்ட்ரீட்டில் உள்ள 1860 ஹெரிடேஜ் சென்டர், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம், இரண்டிலும் பழைய படங்களும் பத்திரிகைகளும் இருக்கின்றன. 1903-இல் காந்தி காலத்தில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன், பிறகு வந்த லீடர், கிராஃபிக் வார இதழ்களின் விளையாட்டுப் பக்கங்களைப் புரட்டுங்கள். குடும்பப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள், ஒரே ஆள் மூன்று வாரத்தில் மூன்று விதமாக அச்சாகியிருப்பார். கப்பலில் வந்த முன்னோரின் கூலி எண், அதாவது ஒப்பந்தக் கூலிக்குப் போட்ட பதிவு எண், தெரிந்தால் அதையும் எழுதிக்கொண்டு போங்கள், கப்பல் பட்டியலில் ஊர், தாலுகா, சாதி, அப்பா பெயர் எல்லாம் கிடைக்கும்.

என்னிடம் உள்ள நோட்டுகளைப் பார்க்க வருகிறவர்கள் வரலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஒரு பெட்டி நனைந்துவிட்டது. 1958 முதல் 1961 வரை மை கரைந்து ஒன்றும் தெரியவில்லை. அந்த வருஷங்களில் ஆடியவர்களின் பேரப்பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

பழைய இடங்களை இப்போது போய்ப் பார்க்கலாமா?

மேகஸின் பேரக்ஸ் இல்லை. சோம்ட்சூ ரோட்டில் கோவில் மட்டும் நிற்கிறது, உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு அக்கம்பக்கம் நடந்து பாருங்கள், எங்கள் அறை எந்தக் கார் நிறுத்தத்தின் கீழே இருக்கிறது என்று எனக்கே சரியாகத் தெரியாது. கரீஸ் ஃபவுண்டன் இருக்கிறது, ஆட்டமும் நடக்கிறது. சனிக்கிழமை காலை போங்கள். வார்விக் சந்தைக் கூட்டத்துக்குள் காரை விட்டுவிட்டு அலையாமல் பூங்காப் பக்கமாக வாருங்கள். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பள்ளத்தில் பத்து மணிக்கே வெயில் சுடும்.